சுவர்களைப் படம் எடுக்க நான் அனுப்பிய மாணவன்

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாணவன் ஒருவனைக் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் படம் எடுத்துவரும்படி அனுப்பியவன் நான். பொலிசார் அவனைப் பிடித்துவைத்துக்கொண்டு, கமராவில் ஒட்டியிருந்த துறைப் பெயரைப் பார்த்து எங்கள் துறைக்குத் தொலைபேசி எடுத்தபோது, பேசியவனும் நான்தான். "கமரா எங்களுடையதுதான். அவர் ஏன் அதைக் கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது" என்றேன். எனக்குத் தெரியும்.

நீங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். இன்றோ நாளையோ ஏதாவது ஒரு மாணவர் கழகத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை, பதவி உயர்வுக்கும் பெரிதாக உதவாத வேலை என்பதால் அது எப்போதும் இளையவர்களிடமே வந்து சேரும். கணினி விளையாட்டு ஆக்கும் கழகம் என்னிடம் அப்படித்தான் வந்தது. விளையாட்டை எப்படி ஆக்குவது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் அறிந்த இயந்திரங்கள் எல்லாம் இப்போது எங்கேயோ குப்பையில் கிடக்கும். நான் சொல்ல நினைப்பது வேறு. அந்தக் கழகத்தில் நீங்கள் வாய்திறந்து "செய்" என்று சொல்வதைப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். விரிவுரையில் நாம் சொல்வதை அவர்கள் சோதனைக்காக மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். கழகத்தில் சொல்வதை அப்படியே நம்புவார்கள்.

சமாதானப் பேச்சு முறிந்து போர் மறுபடி தொடங்கியிருந்த ஆண்டு அது. காலி வீதி என்ற பெருந்தெருவில் ஒவ்வொரு சந்தியிலும் படையினர் பஸ்ஸை மறிப்பார்கள். பிள்ளைகள் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறி வருவார்கள். ஆனால் விரிவுரைகள் முடிந்த பின்னேரங்களில் எங்கள் ஆய்வுகூடத்துக்குள் வந்துவிட்டால் அவர்களுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சண்டை பிடிப்பார்கள். அவர்களுடைய சண்டை, விளையாட்டில் வரும் பாத்திரம் எவ்வளவு உயரம் பாய வேண்டும் என்பதைப் பற்றியதாக இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூலையில் இருந்து விடைத்தாள் திருத்துவது எனக்குப் பிடிக்கும்.

ஒருமுறை மட்டும் வேறு சண்டை வந்தது. வருடாந்தக் கண்காட்சிக்குக் கழகம் சேர்ந்து ஒரு பெரிய விளையாட்டு ஆக்குவது வழக்கம். அந்த முறை கதாநாயகன் என்ன பெயர் வைத்திருப்பான், எந்த மொழியில் பேசுவான் என்பதில் தொடங்கியது. சத்தம் கூடிப் பிறகு அடங்கிவிட்டது. அடங்கியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து நிரோஜன் எழுந்து வந்து தான் கீறிய படம் ஒன்றை மேசையில் வைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த பையன். மெலிந்தவன். பேசுவதைவிடக் கீறுவது அதிகம். படத்தில் ஒரு பூனை, கூரை விளிம்பில், வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு நின்றது.

"பூனைக்கு எல்லாப் பாஷையும் விளங்கும் சேர். ஒண்டிலயும் மறுமொழி சொல்லாது" என்றான்.

கழகத் தலைவன் ரிஸ்வான் மாளிகாவத்தைப் பையன். வாய் சும்மா இருக்காது. "சேர், இது நல்ல ஐடியா. பூனகிட்ட எவனும் அடையாள அட்ட கேக்க மாட்டான்" என்றான்.

நாங்கள் சிரித்தோம். ஒருவன் அதைச் சிங்களத்தில் சொல்ல மற்றவர்களும் சிரித்தார்கள். சற்றுப் பிந்தி, சற்று மெதுவாக, ஆனால் சிரித்தார்கள். விளையாட்டு அந்தப் பூனையாகவே ஆயிற்று. தாய்ப்பூனை இருக்கிற இடத்தில் இருக்க முடியாமல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கூரைகளுக்கும் மதில்களுக்கும் மேலால் வேறோர் இடம் தேடிப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடமும் நிலைக்காது. மறுபடி தூக்க வேண்டும். அவனிடம் நான் ஏன் இந்தக் கதை என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் கழகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆக்கியவர் அல்லாத ஒருவர் விளையாடிப் பார்க்கும்போது, ஆக்கியவர் பின்னால் நிற்கலாம். வாய் திறக்கக்கூடாது. விளையாடுபவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துத் திருத்துவதற்காக. முதல் முறை ரிஸ்வான்தான் விளையாடினான். குட்டியைக் கூரையில் வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்கப் பூனையைத் தெருவில் குதிக்கவிட்டு நேரே நடத்திக்கொண்டு போனான். நிரோஜன் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு முடியவில்லை.

"டேய் விசரா, குட்டியை விட்டிட்டுப் போறாய்!"

"மச்சான், நீ பேசக்கூடாது. சேர், இவன் பேசிட்டான்!"

"திரும்பிப் போடா, அது கத்துது!"

ஆய்வுகூடமே சிரித்தது. நானும். அந்தச் சிரிப்பின் உற்சாகத்தில்தான் எனக்கு ஒரு பெரிய மனிதத்தனம் வந்தது. எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். கணினிக்குள் கட்டும் வீடு வெறும் பெட்டிதான். அதன் மேல் ஒரு சுவரின் படத்தை ஒட்டினால்தான் அது வீடாகத் தெரியும். நிரோஜன் ஒட்டியிருந்தவை இணையத்தில் எடுத்த செங்கல் சுவர்கள். எங்கோ குளிர் நாட்டுச் சுவர்கள்.

"பூனை எங்கட பூனை. சுவர் ஆரின்ர சுவர்?" என்று கேட்டேன். "கொட்டாஞ்சேனையில இருக்கிறாய். அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்த மதில், பாசி, தண்ணிக்குழாய், கோயில் மதில், தேவாலயத்தின்ர பக்கச் சுவர், எல்லாம் உன்ர கண்ணுக்கு முன்னால இருக்கு. போய் எடுத்துக்கொண்டு வா. துறையின்ர கமராவைத் தாறன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சொன்னது சரியான விமர்சனம்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சுவர் பொய்யாக இருந்தால் பூனையும் பொய்யாகிவிடும். நிரோஜன் ஒரு கணம் தயங்கினான். "தெருவில நிண்டு எடுக்கலாமோ சேர்?" என்று கேட்டான். அது ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டாஞ்சேனையில், அந்தப் போர்க்காலத்தில், ஒரு தமிழ் இளைஞன் கட்டடங்களைப் படம் எடுத்துக்கொண்டு நிற்பது என்னவாகத் தெரியும் என்று யோசிக்க எனக்கு வயது இருந்தது, அனுபவம் இருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சுவரைத்தானே எடுக்கப் போறாய்" என்றேன்.

இது எங்கள் வேலையில் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். உலகத்தில் வேறு யாருக்கும் வெறும் சுவரின் படம் தேவைப்படாது. ஒரு பிள்ளையைப் படம் எடுத்தான், தேரைப் படம் எடுத்தான் என்றால் யாருக்கும் விளங்கும். ஆளில்லாத மதிலை, மூலையை, கூரை விளிம்பை, வாசலை நேருக்கு நேர் நின்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால், அதைப் பார்க்கிற பொலிஸ்காரன் என்ன நினைப்பான்?

தொலைபேசி வந்தது மறுநாள் மத்தியானம். அலுவலகத்தில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. சிங்களத்தில் பேசினார்கள். குரல் மரியாதையாகவே இருந்தது. இப்படி ஒரு மாணவர், இந்தப் பெயர், கையில் உங்கள் கமரா, உள்ளே முழுக்கக் கட்டடங்கள். பல்கலைக்கழக வேலைக்காக எடுத்தேன் என்று சொல்கிறார், விரிவுரையாளர் அனுப்பினாராம், உண்மையா என்று கேட்டார்கள். அதற்கு நான் சொன்ன பதிலை மேலே எழுதிவிட்டேன். தொலைபேசியை வைத்தேன். பிறகு போய் இரண்டு மணி விரிவுரையை எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

ரிஸ்வான் அடுத்த நாள் காலையில் என் அறை வாசலில் நின்றான்.

"சேர், நிரோஜன பொலிஸ்ல வெச்சிருக்காங்க. அறையில இருக்கிற பொடியன் போன் எடுத்தான்."

"கேள்விப்பட்டனான்."

"நீங்கதானே சேர் போகச் சொன்ன? நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

"நான் பாக்கிறன். நீ வகுப்புக்குப் போ."

நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஒருமுறை பொய் சொல்லிவிட்டால், பிறகு உண்மையைச் சொல்வதென்றால் இரண்டைச் சொல்ல வேண்டும். நடந்ததையும் சொல்ல வேண்டும், பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். காத்திருக்கக் காத்திருக்க இரண்டாவது பாரமாகிக்கொண்டே போகும். உங்களுக்கு எப்போதாவது அப்படி ஒன்று நடந்தால், வைத்த தொலைபேசியை அந்த நிமிடமே மறுபடி எடுங்கள். அதைவிட லேசான நேரம் பிறகு வராது.

ரிஸ்வான் கெட்டிக்காரன். என் முகத்தில் ஏதோ கண்டிருக்கிறான். அந்த வாரம் முடிவதற்குள் நேரே துறைத் தலைவரிடம் போனான். அவர் ஒரு சிங்களப் பெண்மணி. ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் வரைவுகளில் தேவையற்ற சொற்களைச் சிவப்பு மையால் வெட்டி என்னை எழுதப் பழக்கியவர். என்னை அழைத்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"அந்தப் பையனைப் படம் எடுக்க நீங்கள் அனுப்பினீர்களா?"

"ஆம்."

"பொலிசார் கேட்டார்களா?"

"கேட்டார்கள்."

"என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் காரணத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாருங்கள், காரில் ஏறுங்கள்" என்றார்.

பொலிஸ் நிலைய வாசலில், "உள்ளே நான் பேசமாட்டேன். பக்கத்தில் இருப்பேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். நான் சொன்னேன். அனுப்பியது நான், கமராவைக் கொடுத்தது நான், தெரியாது என்று சொன்னது பொய். அதிகாரி எழுதிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என் வயது இருக்கும்.

"அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், ஐயா. இப்போது அவர் இங்கே இல்லை. மேலிடத்துக்கு அனுப்பிவிட்டோம். என் கையில் இல்லை."

உண்மையாகவே அனுப்பியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் உண்மையைச் சொன்னவர்களின் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். சில இரவுகளில் அதை நினைத்து ஆறுதல் தேடப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் மிச்சம் அவர்களுடைய பாவமாக இருந்திருக்கும்.

நிரோஜன் பல மாதங்கள் தடுப்பில் இருந்தான். இறுதியாண்டுச் சோதனை அவன் இல்லாமல் நடந்து முடிந்தது. துறைத் தலைவர் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்தார். என் வாக்குமூலத்தின் பிரதியைக் கொண்டு அலைந்தார். நானும் கூட அலைந்தேன். அலைந்தேன் என்பதை ஒரு தகுதியாகச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் அவனுடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து எப்படியோ வந்து சேர்ந்து கிருலப்பனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"நிரோஜன் சொல்லுறவன், எங்கட சேர் நல்லவர் எண்டு" என்றார். "மேடம் சொன்னவா, நீங்கள்தான் பொலிசில வந்து சொன்னனீங்களாம். இந்தக் காலத்தில ஆர் வருவினம்? நீங்கள் வந்தனீங்கள். உங்கட பிள்ளையள் நல்லா இருப்பினம்."

என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். நான் அந்தத் தாயாரின் நன்றியை வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை திருத்தவில்லை. தொலைபேசியில் சொன்னது பயத்தில் சொன்னது. இது பயத்தில் செய்ததல்ல. வெட்கத்தில் செய்தது. இரண்டில் இதுதான் எனக்கு இன்னும் அதிகம் உறுத்துகிறது.

அவன் வெளியே வந்ததும் கொட்டாஞ்சேனையில் அவனுடைய அறைக்குப் போனேன். கட்டிலில் இருந்தவன் எழுந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"இருங்கோ சேர். கதிரை ஒண்டுதான். நான் கட்டில்ல இருக்கிறன்."

"நிரோஜன், நான் வந்தது..."

"தெரியும் சேர்."

கீழே தெருவில் யாரோ மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"முதல் நாள் முழுக்க நான் அவங்களுக்கு ஒண்டுதான் சொன்னனான். சேரைக் கேளுங்கோ, சேர் சொல்லுவார். என்ன கேட்டாலும் அதையே சொன்னனான். பிறகு ஒராள் வந்து, கேட்டாச்சு, உங்கட சேருக்கு ஒண்டும் தெரியாதாம் எண்டு சொன்னார். அதுக்குப் பிறகு எனக்குச் சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் என்று நினைவில்லை. அவன் தலையை ஆட்டினான். அது ஏற்றுக்கொண்டதா, நிறுத்தச் சொன்னதா என்று தெரியவில்லை.

"அம்மா உங்கட வீட்டை வந்தவாவாம்."

"ஓம்."

"நீங்கள் அவவுக்குச் சொல்லேல்லை, என்ன?"

"இல்லை. சொல்லப் போறன்."

"வேண்டாம் சேர். அவ ஒராளை எண்டாலும் நல்லவர் எண்டு நினைச்சுக்கொண்டு ஊருக்குப் போகட்டும்." அவன் குரலில் கோபம் இருக்கவில்லை. "ஆனா கழகத்துக்குப் புதுசா வாற பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. ஒவ்வொரு வருஷமும். அவங்கள் வெளியில போக முதல் சொல்லுங்கோ. உங்களில எவ்வளவு சாயலாம் எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

என்னால் முடிந்தவற்றைச் செய்தேன். பீடச் சபையில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். சிலர் மேசையைப் பார்த்தார்கள். அவனுக்குத் தனியாகச் சோதனை வைக்கச் சம்மதித்தார்கள். அவன் எழுதித் தேறினான். கழகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று தலைவரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "விலகினால் உங்களுக்குச் சுகம். பிள்ளைகளுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். அதன்பின் யாராவது மாணவன் படம் எடுக்க வெளியே போனால், முன்கூட்டியே பொலிஸ் நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் போவேன். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். "இப்ப சேர்தான் எங்கட பெர்மிட்" என்பான் ரிஸ்வான். பூனை விளையாட்டை அவர்கள் முடித்தார்கள். கமரா திரும்பி வரவில்லை. ஆகவே ஆளாளுக்குத் தங்கள் தெருவின் மதில்களை நினைவிலிருந்து கையால் கீறி ஒட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. நிரோஜன் வந்து பார்க்கவில்லை. அந்த ஆய்வுகூடத்துக்குள் அவன் மறுபடி வரவே இல்லை.

புதிய மாணவர்களிடம் சொல்லத் தொடங்கினேன். முதல் முறை சொன்னது சில வசனங்களில் முடிந்துவிட்டது. ஒருத்தி எழுந்து போய்விட்டாள். அடுத்த ஆண்டு கொஞ்சம் இலகுவாக வந்தது. அதற்கடுத்த ஆண்டு இன்னும் இலகுவாக. நான் அதற்குள் பல வருடம் வகுப்பெடுத்தவன். எந்த இடத்தில் நிறுத்தினால் வகுப்பு அமைதியாகும் என்று என் தொண்டைக்குத் தானாகவே தெரியும்.

போர் முடிந்த மறு ஆண்டில், ரிஸ்வான் நிரோஜனைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் அப்போது வெவ்வேறு இடங்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நிரோஜன் விரிவுரை மண்டபத்தின் கதவோரத்தில் நின்று கேட்டான். முடிந்ததும் மூவரும் சிற்றுண்டிச்சாலைக்குப் போனோம்.

"சேர், ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"முதல் வருஷம் நீங்கள் கதைச்சதை ரிஸ்வான் எனக்கு அப்பிடியே வந்து சொன்னவன். அதில மருமோன் இல்லை."

ரிஸ்வான் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினான்.

"இண்டைக்கு மருமோன்ர கதைதான் கன நேரம். பிள்ளையள் ரெண்டு பேர் அழுதவை. பாத்தனீங்கள்தானே? எனக்காக அழேல்லை சேர். உங்களுக்காக அழுதவை."

மருமகன் யார் என்று கேட்பீர்கள். என் மனைவியின் தமையன் மகன். அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்காக வந்தவன். வெளியூரிலிருந்து வந்து தங்குபவரைப் பொலிசில் பதிய வேண்டும் என்பது அக்காலக் கட்டளை. அவனைப் பதிவு செய்வதை நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். நான் அனுப்பினேன் என்று சொன்னால் வீட்டுக்கு வந்து தேடுவார்கள், அவனைப் பிடிப்பார்கள் என்று அந்தத் தொலைபேசியின் முன்னால் எனக்குப் பட்டது. அது உண்மை. ஆனால் இரண்டாம் ஆண்டு அதை நான் கடைசியில் சொன்னேன். மூன்றாம் ஆண்டு நடுவில் வந்துவிட்டது. நிரோஜன் வந்து கேட்ட அந்த நாளில் அவனைத்தான் முதலில் சொன்னேன். அவன் பயந்து பயந்து யன்னலோரம் நிற்பதையெல்லாம் வர்ணித்தேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுந்து நின்று, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமலே.

"ஓம். நீ சொல்லுறது சரி" என்றேன்.

"உங்கட மருமோனில எனக்குக் கோவமில்லை சேர். அவன் எங்க இப்ப?"

"கனடாவில."

"நல்லது" என்றான் நிரோஜன். உண்மையாகவே சொன்னான். "ரீ ஆறுது, குடியுங்கோ."

ரிஸ்வான் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "இவன் இப்பிடித்தான் சேர். நான் விளையாடினாலும் பின்னால நிண்டு பிழ பிடிப்பான்" என்றான். நிரோஜன் சிரித்தான். விடுதலையாகி வந்த பிறகு அவன் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

அடுத்த வாரம் அதே மாணவர்களை மறுபடி அழைத்தேன். போன முறை நான் சொன்னதில் பெரும்பகுதி தேவையற்றது என்றேன். நான் அனுப்பினேன், அவர்கள் கேட்டார்கள், தெரியாது என்றேன், ஒருவன் மாதக்கணக்கில் உள்ளே இருந்தான். அவ்வளவுதான் சொன்னேன். இம்முறை ஒருவரும் அழவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பையன், "அப்ப நாங்க ஏன் சேர் உங்கள நம்போணும்?" என்று கேட்டான்.

"நம்பத் தேவையில்லை" என்றேன். "வெளியில போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவ்வளவுதான்."

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்தப் பையனுக்குக் கொட்டாஞ்சேனையில் சுவர்கள் தேவைப்பட்டன. அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். நிரோஜனுக்கு ரிஸ்வான் சொல்லியிருக்க வேண்டும். சந்தியில் எங்களுக்கு முன்னமே வந்து நின்றான். எனக்கு ஒரு தலையசைப்பு. பிறகு அந்தப் பையனோடு நடந்தான். நான் குடையோடு பின்னால் போனேன். பையன் கமராவை அவனிடம் நீட்டினான். "நீங்க எடுங்க அண்ணே, உங்களுக்கு நல்லாத் தெரியுமாம்" என்றான். நிரோஜன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நான் எடுக்கமாட்டன், தம்பி" என்றான். "ஆனா எது நல்ல சுவர் எண்டு காட்டுறன், வா."